நண்டுக்கு விலகிய தேர்

நற்றிணையின் 11ஆம் பாடல் உலோச்சனார் பாடியது. இரவுக்குறிக்கண் தலைவன் வரத் தாழ்த்தமையால் உள்ளத்திற் புலவி கொள்ளும் தலைவியைத் தோழி தேற்றுவதாக அது அமைந்துள்ளது. அவன் வாரான் என்று நினையாதே எனக் கூறும் தோழி, அதற்குக் காட்டும் சான்று கானலில் விரிந்த நிலவாகும். கரையோரத்தில் திரியும் நண்டுகளுக்கு ஊறு நேராவண்ணம் பாகன் கடிவாளத்தை ஆய்ந்து பிடித்துத் தேரைச் செலுத்தி வருதற்கு அந்நிலவு துணையாகும் என்பது அவள் கூற்று.

வகுப்பறையில் இப்பாடலைப் படிப்போர், நண்டுக்கே இரங்குவோன் தலைவிக்கு இரங்காதிருப்பானோ என்ற குறிப்பினை எடுத்துக்காட்டி, அதன் நயத்தை வியந்து, அடுத்த பாடலுக்குச் செல்வது வழக்கம். நயம் உண்மைதான். ஆயினும் குறிப்புப்பொருளைத் தேடி ஓடுகையில் வெளிப்படையாகக் கிடக்கும் பொருளை மிதித்துச் சென்றுவிடுகின்றோமோ என்ற ஐயம் எனக்கு உண்டு. மணலிற் சில்லு உருளும்போது ஏதோ ஓர் உயிர் நசியும் என்பது அப்பாடல் நேராகவே சொல்லும் செய்தி. அச்செய்தியை அறிந்த புலவனும், அதனைக் கேட்டு வியப்படையாத கேட்போரும் அக்காலத்தில் இருந்தனர்.

நான் பிறந்து வளர்ந்த லிங்கநகர் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டியது. துறைமுகத்தின் உட்கரை பாறையும் ஆழமுமாக இருப்பதால் மணலை நாடுவோர் நகருக்கு வடக்கேதான் செல்லவேண்டும். உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி என்று புல்மோட்டை வரை நீளும் கரைதான் எம்மவர்க்குக் கடற்கரை. அக்கரையிலே இன்று தேர் இல்லை. கரைவலை இழுக்கும் உழவு இயந்திரங்கள் உண்டு. மீன் ஏற்றவரும் சிறு வண்டிகள் உண்டு. விடுமுறை நாட்களில் வெளியூர்களிலிருந்து வருவோரின் ஜீப் வண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும் உண்டு. காலையிற் கரைக்குப் போனால் இரவில் ஓடியவற்றின் தடங்களைக் காணலாம். மாலைக்குள் காற்று அவற்றிற் பாதியை அழித்துவிடும். அழிந்துவிடுவதாலேயே இதனை ஒரு பொருட்டாக எடுத்துப் பேசுவோர் இலர்.

சில்லு நிலத்துக்கு என்ன செய்கின்றது என்னும் வினாவுக்கு உலகிலே மிகத் தெளிவான விடை கிடைத்த இடம், வடதுருவத்தை அடுத்துள்ள தண்டரா வெளியாகும். வெப்பவலயத்து மணற்கரையைப் பற்றிப் பேசப் புகுந்தவன் பனிவெளிக்கு ஓடுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால், ஏனைய நிலங்கள் தம்மீது நேர்ந்ததை எளிதில் மறைத்துவிடுகின்றன, தண்டரா மறைப்பதில்லை. எனவே அங்கு முதலிற் படித்துக்கொண்டு பின் நம் கரைக்குத் திரும்புவது பயனுடைத்து.

மரமற்ற அவ்வெளியில் பாசியும் இலைக்கனும் கோரையும் குறுஞ்செடிகளும் ஒரு பாய்போல விரிந்து கிடக்கின்றன. அப்பாயின் கீழே கோடையில் மாத்திரம் உருகும் மெல்லிய மண்படை. அதற்கும் கீழே ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் நிலம். தாவரப் பாயானது கோடை வெப்பம் கீழிறங்காமற் காக்கும் போர்வையாக உள்ளது. கனத்த வாகனம் ஒன்று கோடையில் அதன்மீது சில தடவை சென்றாலே போதும். பாய் நசுங்கும், சிலவிடத்துக் கிழியும். கருமண் வெளிப்பட்டு வெயிலை உறிஞ்சும். கீழேயுள்ள பனிக்கட்டி உருக நிலம் அமிழும். அமிழ்ந்த தடத்திலே நீர் தேங்கும். தேங்கிய நீர் மேலும் வெப்பத்தை ஏற்று மேலும் உருக்கும். வண்டியும் வண்டியோட்டியும் ஊர்போய்ச் சேர்ந்த பின்னரும் தடம் தானாகவே ஆழமாகிக்கொண்டிருக்கும். இதைவிட அச்சந்தரும் செய்தி அவ்வியலிலே வேறில்லை.

அலாஸ்காவின் வடசரிவில், புறூடோ குடாவிலே 1968இல் பெற்றோலியம் கண்டறியப்பட்டது. அங்கு சரக்கு வாகனங்கள் விரைந்து செல்லவேண்டும் என்று அந்நாளைய ஆளுநர் வால்ட்டர் ஹிக்கல், 1968-69 குளிர்காலத்தில் ஒரு பாதையை வெட்டுவித்தார். புல்டோசர்கள் தாவரப் பாயை வழித்தெறிந்துகொண்டு சென்றன. குளிர்காலத்தில் அது பாதையாக இருந்தது. வெயில் வந்ததும் கால்வாயாயிற்று. அப்பாதைக்கு ஹிக்கல் நெடுஞ்சாலை என்றே பெயர் வழங்கியது. தம் பெயராலே ஒரு கால்வாய் வெட்டிக்கொண்ட ஆளுநர் உலகில் அரியர். அவரே 1969இல் அமெரிக்க மத்திய அரசின் உள்துறைச் செயலாளராகி அந்நாட்டின் பொதுநிலங்களுக்கெல்லாம் பொறுப்பாளரானார் என்பது வரலாற்றின் குறும்பு.

ஹிக்கலின் பாதைக்கு முன்னரும், 1944 முதல் 1953 வரை அமெரிக்கக் கடற்படை அதே வடசரிவில் எண்ணெய் தேடியபோது ஓடிய சங்கிலிச் சில்லு வண்டிகளின் தடங்கள் பல தசாப்தங்கள் கழித்தும் வானிலிருந்து பார்ப்போருக்குப் புலப்பட்டன. இவற்றிற் பாடம் கற்ற பின், நிலம் உறைந்து அதன்மீது பனியும் மூடிய காலத்தில் மட்டுமே வண்டிகள் செல்லலாம் என்ற விதி வந்தது. மண் 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு உறைந்திருக்க வேண்டும். அதன்மீது 15 சென்ரிமீற்றர் பனி படிந்திருக்க வேண்டும் என்பது அலாஸ்கா மாநிலம் நெடுங்காலம் கைக்கொண்ட அளவு. அவ்வாறு கவனத்துடன் சென்றபோதும் தடம் விழாமலில்லை. ஆர்க்டிக் தேசிய வனவிலங்குப் புகலிடத்தின் கரைச் சமவெளியில் 1984, 1985 ஆகிய ஆண்டுகளின் குளிர்காலங்களில் நில அதிர்வு ஆய்வுக்காக வாகனங்கள் சென்றன. அத்தடங்களை ஆய்வாளர் தொடர்ந்து அவதானித்து வந்தனர். பெரும்பகுதி ஆறியது. ஆனால், பனிக்கட்டி செறிந்த மண்ணுள்ள இடங்களிலும் பாரவண்டிகள் வரிசையாகச் சென்ற இடங்களிலும் இரண்டு தசாப்தங்களின் பின்னரும் ஆறாத வடுக்கள் இருந்தன. இதற்கிடையே உலகம் வெப்பமடைந்து வருகின்றது. 1970 அளவில் ஆண்டுக்கு 200 நாட்களுக்கு மேல் அலாஸ்காத் தண்டராவில் வண்டி செல்ல ஏற்றதாக இருந்த காலம், 2000ஆம் ஆண்டை ஒட்டி ஏறத்தாழ 100 நாட்களாகச் சுருங்கிவிட்டது.

இது குளிர்நாட்டுக்கு மட்டும் உரிய இயல்பன்று. கலிபோர்ணியாவின் மொஹாவிப் பாலைவனத்தில் 1942இல் ஜெனரல் பற்றன் தாங்கிப் படைகளுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். 1944 வரை அப்பயிற்சி நடைபெற்றது. அத்தாங்கிகளின் தடங்களை இன்றும் அங்கு காணலாம். கொதிக்கும் பாலையும் உறையும் தண்டராவும் இதில் ஒத்திருக்கக் காரணம், இரண்டுமே மெல்லிய தோலையுடையவை என்பதே. இரண்டிலும் செடிகள் மெதுவாக வளர்கின்றன. இரண்டையும் மனிதர் ‘வெறும் நிலம்’ என்று அழைக்கின்றனர். மரம் நின்றால் அதனை வெட்டியவனைப் பிடிக்கலாம். மரமே இல்லாத வெளியில் என்ன குற்றம் நிகழ்ந்துவிடப்போகின்றது என்ற எண்ணம் வண்டியோட்டிக்கு மட்டுமன்றிச் சட்டம் இயற்றுவோருக்கும் உண்டு.

இனி நம் மணலுக்கு வருவோம். மணல் தண்டராவுக்கு நேர்மாறானது, மறதி மிக்கது. ஒரு வற்றுப்பெருக்கில் ஈரமணலின் தடங்கள் அழியும். ஒரு கச்சான் காற்றில் உலர்மணலின் தடங்களும் தூர்ந்துபோம். ஆகவே தடம் அழிந்தால் ஊறும் அழிந்தது என்று நாம் எளிதாக நம்பிவிடுகின்றோம். உண்மையிற் கரை என்பது ஒரே பரப்பன்று. அலை நனைக்கும் ஈரமணல் ஒன்று. அதற்கு மேலே நண்டு வளை தோண்டும், ஆமை முட்டையிடும் உலர்மணல் ஒன்று. அதற்கும் மேலே அடம்பன் கொடி படர்ந்த மணல்மேடு ஒன்று. ஈரமணல் உண்மையிலேயே சில்லை மன்னித்துவிடும் இயல்பினது. மற்றை இரண்டும் அத்தகையன அல்ல.

நண்டின் கதை வியப்புக்குரியது. உலர்மணலில் வளை தோண்டி வாழும் வெளிறிய நிற நண்டுகள், ஆளைக் கண்டதும் பக்கவாட்டில் ஓடி மறைவன, எம் கரையெங்கும் உள்ளன. அவற்றின் இனத்தைச் சேர்ந்த நண்டுகள் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலும் வாழ்கின்றன. அங்கு வண்டிகள் ஓடும் கரையொன்றில் நிகழ்த்தப்பெற்று 1984இல் வெளியான ஆய்வொன்று ஓர் எளிய உண்மையைக் கூறிற்று. பகலில் நண்டு தன் வளைக்குள் இருக்கின்றது. மேலே ஒரு சிறு மணற்படை இருந்தாலும் அது பெரும்பாலும் தப்பிவிடும். இரவில் நண்டு வளையை விட்டு வெளியேறி அலையோரத்தில் இரை தேடித் திரியும்போது வரும் வண்டியே அதனைக் கொல்கின்றது. பின்னர் அவுஸ்திரேலியக் கரைகளில் ஆய்ந்தோர், வளை ஆழமாயின் நண்டு தப்பும், ஆழமற்றதாயின் பகலிலும் நசியும் என்று கண்டனர். வண்டி ஓடும் கரையில் நண்டு வளைகள் அருகியிருத்தலையும் கணக்கிட்டுக் காட்டினர். இவற்றைப் படித்தபோது உலோச்சனார் பாடலில் நிலவு ஏன் வந்தது என்பது எனக்கு வேறொரு விதமாக விளங்கிற்று. நண்டு வெளியே வருவது இரவில். பாகன் அதனைக் கண்டு விலக வேண்டுமாயின் நிலவு வேண்டும். புலவனின் கூற்று அணியன்று, அவதானம்.

அகநானூற்றின் 160ஆம் பாடலில் ஆமை வருகின்றது. சூல் நிறைந்த பெண் ஆமை, அடும்பங்கொடி சிதைய ஊர்ந்து, வெண்மணற் குவியலின் பக்கத்தே முட்டைகளை மறைத்து வைக்கின்றது. குஞ்சு வெளிவரும்வரை ஆண் ஆமை அவற்றைக் காக்கின்றது என்பது அப்பாடற் செய்தி. ஆண் ஆமை காவலிருக்கும் என்பதனை இன்றைய உயிரியல் ஏற்காது. கடலாமையில் ஆணானது பிறந்தபின் பெரும்பாலும் கரைக்கு வருவதேயில்லை. பெண்ணும் முட்டையை மூடியதும் திரும்பிப் பாராது கடலுக்குட் சென்றுவிடும். எனினும் அடும்பு படர்ந்த மேட்டின் பக்கமே ஆமை நாடும் இடம் என்னும் அவதானம் பிழையன்று. அடும்பு என்று சங்கத்தார் கூறியதே நாம் அடம்பன் என்பது.

இலங்கைக் கரைகளில் ஐந்து வகைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் அவற்றைக் காக்கின்றன. ஆமையைப் பிடித்தாலும் முட்டையை எடுத்தாலும் குற்றம். ஆனால், முட்டைகள் புதைந்து கிடக்கும் மணலின் மேலாக வண்டி ஓடி மணலை இறுக்கிவிட்டால் குஞ்சு வெளிவருதல் அரிதாகும். வெளிவந்தாலும் அதற்கு இன்னோர் இடர் உண்டு. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு எம் விரலளவினது. இரவில், கடலின் பக்கமாகத் தாழ்ந்து தோன்றும் வெளிச்சத்தை நோக்கி அது ஊர்கின்றது. வழியிலே ஒரு சாண் ஆழமான சில்லுத்தடம் குறுக்கிட்டால் அக்குஞ்சுக்கு அது பள்ளத்தாக்கு. ஏறமுடியாமற் கடலுக்குச் செல்லும் திசையை விட்டுத் தடத்தின் வழியே கரைக்குச் சமாந்தரமாக ஊர்ந்துகொண்டே போகும். பொழுது விடிந்தால் காகம், விடியுமுன் நாய், இரண்டும் இல்லாவிட்டால் நாம் இதுவரை இரங்கிய நண்டே அதனைப் பற்றி இழுத்துத் தின்றுவிடும். இயற்கையின்மீது இரக்கம் கொள்வோர் யார் பக்கம் நிற்பது என்று திகைக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று.

மணல்மேட்டின் கதை இவை இரண்டினும் பெரியது. ஆட்டுக் குளம்பு போன்ற இலையும் ஊதாநிறப் பூவும் கொண்ட அடம்பன் மணலின்மீது படர்ந்து, கணுக்கள்தோறும் வேர்விடும். அதனுடன் இராவணன் மீசை என்னும் முட்புல் சேரும். அதன் உருண்டைக் கதிர்த்தலைகள் காற்றில் உருண்டோட, அவற்றைத் துரத்தி விளையாடாத பிள்ளை எம் கரையில் இல்லை. காற்றில் எழும் மணல் இவற்றின் இலையிலும் தண்டிலும் தடைபட்டு வீழ்கின்றது. வீழ்ந்த மணலுக்கு மேலே கொடி மீண்டும் தலை நீட்டுகின்றது. இவ்வாறு கொடியும் மணலும் ஒன்றையொன்று ஏணியாகக் கொண்டு உயர்ந்ததே மேடு. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று எம் முதியோர் கூறும் பழமொழியை ஒற்றுமைக்குத்தான் எடுத்துக்காட்டுவர். அது உண்மையில் நடைபெறும் இடம் மணல்மேடு.

ஜீப் வண்டி ஒன்று மேட்டின்மீது ஏறி இறங்குமாயின் கொடி அறுகின்றது, வேர் வெளிப்படுகின்றது. இரண்டாவது வண்டி அதே வழியில் ஏறும், வழி திறந்திருப்பதால். பத்தாவது வண்டி ஏறும்போது அங்கே கொடி இல்லை. கொடியற்ற இடத்திலே காற்று மணலை வாரிச் செல்கின்றது. தடம் வாய்க்காலாகி, வாய்க்கால் வாயிலாகின்றது. தண்டராவிற் பனியும் நீரும் செய்த வேலையை இங்கே காற்று செய்கின்றது. வண்டி போன பின்னரும் தடம் தானே ஆழமாகும் அந்த அச்சந்தரும் செய்தி எம் கரைக்கும் பொருந்தும். மறதியுடைய மணலும் மேட்டில் மட்டும் நினைவு வைத்திருக்கின்றது.

இதனால் யாருக்கு என்ன என்று கேட்போர்க்கு 2004 டிசெம்பர் 26ஆந் திகதியை நினைவூட்டலாம். ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைக் கரையை ஆய்ந்த பன்னாட்டு அறிஞர் குழு, யாலப் பகுதியில் ஓர் உல்லாச விடுதியைப் பற்றிக் குறிப்பிட்டது. கடல் நன்கு தெரியவேண்டும் என்பதற்காக அவ்விடுதியின் முன்னிருந்த மணல்மேட்டின் ஒரு பகுதி முன்னரே அகற்றப்பட்டிருந்தது. அலை வந்தபோது விடுதி முற்றாக அழிந்தது. மேடு சிதையாது நின்ற அயலிடங்களில் அழிவு குறைவாக இருந்தது. திருகோணமலை மாவட்டத்திலும் நிலாவெளி, இறக்கக்கண்டி, கிண்ணியா, மூதூர் எனப் பல ஊர்களில் அலை புகுந்து உயிர்களைக் கொண்டுசென்றது. கிண்ணியா வைத்தியசாலையே அழிந்தது. அலை அவ்வளவு பெரிதாக இருந்த இடத்தில் மேடு இருந்தால் மட்டும் எல்லாரும் தப்பியிருப்பர் என்று கூறுவது மிகையாகும். ஆனால், மேட்டில் ஓர் இடைவெளி இருந்தால் நீர் முதலில் அவ்விடைவெளியாற்றான் புகும் என்பதற்கு ஆய்வறிஞர் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் மாரிப் புயலின்போது கரையிலுள்ள எவரும் காணக்கூடியது அது. கடலைக் காண வழிவிட்ட இடமெல்லாம் கடல் நம்மைக் காண வரும் வழியுமாகும்.

போர்க்காலத்தில் எம் கரைக்குச் செல்லும் நேரமும் இடமும் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டிருந்தன. மீனவர் பட்ட இன்னல் சொல்லுந்தரமன்று. அக்கட்டுப்பாடுகளால் மணலுக்கு ஓய்வு கிடைத்தது என்று எழுதும்போதே கை கூசுகின்றது. ஆயினும் பல இடங்களில் அது நடந்தது. 2009இல் போர் முடிந்தபின் வீதிகள் திருந்தின, விடுதிகள் எழுந்தன, வண்டிகளும் வந்தன. இன்று கரையில் ஓடும் வண்டிகளை ஒரே கணக்கிற் சேர்த்து ‘வாகனத் தடை’ என்று ஒரு பலகையை நட்டுவிடலாம் என எண்ணுவோர் உளர். அவ்வாறு எண்ணுவதற்கு முன் கரைவலைக்காரரிடம் ஒரு சொல் கேட்கவேண்டும்.

என் தாய்மாமன் ஒருவர் கரைவலைத் தொழிலோடு இணைந்தவர். கரைவலை முன்னாளில் மனிதர் கையாலே இழுக்கப்பட்டது. அம்பாப் பாடல் அவ்விழுவையிற் பிறந்தது. இன்று பல இடங்களில் உழவு இயந்திரத்திற் பூட்டிய வின்ச் கயிற்றை இழுக்கின்றது. இவ்வாறு இழுக்கலாமா, கூடாதா என்ற பிணக்கு முல்லைத்தீவு முதல் எம் கரை வரை பல ஆண்டுகளாக இருந்து வருகின்றது. ஒரு நாள் மாமாவிடம் நற்றிணைப் பாடலின் பொருளைச் சொன்னேன். சிரித்தார்.

“உங்கட தலைவனுக்குப் பொம்பிளையப் பாக்கப் போற அவசரம் மட்டும்தான் தம்பி. எனக்கு வலைக்குள்ள மீன் கிடக்கு. முந்தி இழுக்கிறதுக்குச் சனம் வந்து நிண்டது. இப்ப பொடியன்மார் பாதிப்பேர் வெளிநாட்டில, மிச்சப்பேர் கொழும்பில. மிசின் இல்லாட்டி வலை கடலுக்குள்ளதான் கிடக்கும்.”

இதற்கு மறுமொழி கூறுவது எளிதன்று. மாமாவின் உழவு இயந்திரம் வீதியிலிருந்து வலைப்பாட்டுக்கு ஒரே வழியால் வந்து போகின்றது. உலர்மணலிற் சில்லு புதையும் என்பதால் கரையோரமாகச் செல்லும்போது அவர் இறுகிய ஈரமணலையே நாடுவார். மேட்டின்மீது ஏற அவருக்கு எந்தத் தேவையும் இல்லை. எரிபொருள் விலையை அறிந்தவர் விளையாட்டுக்கு வண்டி ஓட்டுவதில்லை. மாறாக, உல்லாசத்துக்கு வருவோனுக்கு ஈரமணல் சுவைப்பதில்லை. மேடும் சரிவுந்தான் அவனுக்கு இன்பம். இரவுந்தான் அவனுக்குப் பொழுது. சில்லு ஒன்றாயினும் ஊறு ஒன்றன்று. எனினும் மாமாவையும் முற்றாக விட்டுவிட இயலாது. வலை இழுபடும் வேளையில் இயந்திரம் உலர்மணலில் நின்று உறுமிக் குழி பறிக்கின்றது. விடியுமுன் இருளிற் போகும்போது விளக்கு வெளிச்சத்தில் ஓடும் நண்டுகளை அவரும் கண்டிருக்கின்றார். “கண்டால் விலத்துவன், காணாததுக்கு என்ன செய்யிறது” என்றார். பாகனுக்கும் இதுவே விதி என்று எனக்குத் தோன்றிற்று.

தண்டரா நாடுகள் இவ்வேறுபாட்டைச் சட்டத்திலே எழுதிவைத்துள்ளன. நோர்வே 1977இற் செய்த சட்டம், பாதையற்ற வெளிகளில் இயந்திர வண்டி செல்லுதலைப் பொதுவாகத் தடைசெய்து, கலைமான் மேய்ப்பு முதலிய தொழில்களுக்கு விலக்களிக்கின்றது. அலாஸ்காவின் பொதுநிலங்கள் பற்றி 1980இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம், வேட்டையும் மீனும் கொண்டு அங்கேயே வாழ்வோர் தம் பிழைப்புக்காகப் பனிவண்டி முதலியவற்றைப் பயன்படுத்த இடமளிக்கின்றது. அதற்கு முன் 1972இல் ஜனாதிபதி நிக்சன் பிறப்பித்த ஆணை, எப்பொதுநிலத்தில் வண்டி தடம் விலகிச் செல்லலாம், எங்கே கூடாது என்று வரையறுக்கும் பொறுப்பை அரச நிறுவனங்கள்மீது சுமத்திற்று. இவ்விலக்குகளும் குறையற்றவை அல்ல. கலைமான் மேய்ப்போரின் நாற்சில்லு வண்டிகளாலும் வட நோர்வேயில் தடங்கள் பெருகியுள்ளன. எனினும் பிழைப்பையும் பொழுதுபோக்கையும் பிரித்துப் பார்த்தல் வேண்டும் என்ற அடிப்படை அவற்றில் உண்டு.

எங்கள் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், பெருக்கு நீர்மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதியைக் கரையோர வலயம் என்று வகுத்தது. கட்டடம், மணல் அகழ்வு முதலியவற்றை அனுமதிக்கு உட்படுத்தும் அச்சட்டத்தின் நோக்கு பெரும்பாலும் நிலைத்து நிற்கும் ஆக்கங்களைப் பற்றியது. வந்து, மேடு கிழித்து, மறுநாட் காலை ஊர் திரும்பும் வண்டி கண்ணிற் படுவது அரிது. தடம் விலகிய வண்டி எம் நாட்டிற் செய்தியாவது யானையோ சிறுத்தையோ அருகில் இருக்கும்போதுதான். 2022 ஒக்டோபரில் யால தேசியப் பூங்காவினுள் சொகுசு வண்டிகள் சில கண்மூடித்தனமாக ஓட்டப்பட்ட காட்சி பரவியபோது நாடே சினந்தது. சினம் நியாயமானது. திருகோணமலையிலிருந்து பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் பேருந்து ஹபரணையைக் கடக்கும்போதெல்லாம், மின்னேரியாவுக்கும் கவுடுல்லவுக்கும் செல்ல வரிசையாக நிற்கும் ஜீப் வண்டிகளைக் காண்கின்றேன். வற்றிய குளத்தின் புல்வெளியிலே யானைக் கூட்டத்தை இவ்வண்டிகள் சூழ்ந்துகொள்வதைக் கண்டித்துப் பலர் எழுதியிருக்கின்றனர். அவர்கள் யானைக்காகப் பேசினர். யானை மேயும் அப்புற்றரையும் சில்லுக்குக் கீழேதான் கிடக்கின்றது என்று எழுதியவரை நான் அதிகம் கண்டதில்லை.

எம் கரைக்கு வேண்டியது பெரிய திட்டமன்று. ஒவ்வொரு வலைப்பாட்டுக்கும் ஒரு வண்டிவழி. அது காற்று வீசும் திசைக்கு நேராக அமையாமற் சற்றுச் சரிந்து மேட்டைக் கடத்தல் வேண்டும். நேர்வழியாயின் காற்றும் அலையும் அதையே வழியாகக் கொள்ளும். அதன் இருபுறமும் பனங்குற்றி நட்டு, ஏனைய பழைய தடங்களின் வாயை முட்கிளை இட்டு அடைத்தாற் கொடி தானே மீண்டும் படரும். அடம்பனின் வளர்ச்சி தண்டராப் பாசியினதைப் போல மந்தமானதன்று. இரண்டு மாரி கண்டாற் போதும். ஆமை ஏறும் மாதங்களில் இரவில் உலர்மணலிலே வண்டி கூடாது என்பதைக் கடற்றொழிலாளர் சங்கங்களே முடிவுசெய்யலாம். எந்த மாதம் எங்கே ஆமை ஏறும் என்பதனை அவர்களைவிட அறிந்தோர் யார்?

இதனையும் மாமாவிடம் கூறினேன். குற்றி நடுவதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை. எத்தனை குற்றி வேண்டும், யாருடைய வளவில் விழுந்த பனை கிடக்கின்றது என்று உடனே கணக்கிடவும் தொடங்கினார். பின்பு சற்று நிறுத்திக் கேட்டார்: “நாங்கள் அந்த வழியால போவம். சனி ஞாயிறில வாற ஜீப்காரனிட்ட இதை ஆர் சொல்லுறது?”